முழங்கை ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்கு மரக்கவைக்கும் ஊசியா, சிரப் மட்டும் போதுமா?

ஊஞ்சல், மாடிப்படி, கொய்யா மரம், புதிதாக வாங்கிய சைக்கிள். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் ஒரு பிள்ளை கையை ஊன்றி விழுந்து, முழங்கை வீங்கி, அந்தக் கையை மறு கையால் தாங்கிக்கொண்டு வந்தால் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கும். குழந்தைகளின் முழங்கை முறிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வகைதான். எலும்பு விலகவில்லை என்றால் மாவுக்கட்டு. விலகியிருந்தால் தூங்க வைத்து, எலும்பை நேராக்கி, தோல் வழியாகவே இரண்டு மூன்று கம்பிகளைச் செருகுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் கம்பியை உருவிவிடலாம்.

நான் தூங்க வைக்கும் பக்கத்து ஆள், மயக்க மருந்து டாக்டர். கையெழுத்து வாங்கப் போகும்போது முன்பெல்லாம் "முழிச்சப்புறம் ரொம்ப வலிக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது கூடவே இன்னொன்றும் வருகிறது. "கையை மட்டும் மரக்கவைக்கிற ஊசி இருக்காமே, அதைப் போட்டுட்டா வலியே இருக்காதாமே?"

ஊசி இருக்கிறது, நன்றாக வேலையும் செய்யும். ஆனால் எல்லா முழங்கைக்கும் அதே பதில் கிடையாது. இரண்டு பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் ஆள் ஆறு வயதுப் பையன், 20 கிலோ. முந்தின நாள் சாயங்காலம் ஊஞ்சலிலிருந்து விழுந்தவன். முழங்கை பலாக்கொட்டை போல உப்பியிருந்தது. இரண்டாவது ஒன்பது வயதுப் பெண். அவளுக்கு முறிவு பழையது. சரியாகச் சேராமல் கூடியதால் முழங்கை உள்பக்கமாக வளைந்திருந்தது. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று எலும்பை வெட்டி நேராக்க நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நரம்பு ஊசியை அழுத்திக் கேட்டவர் பையனின் அப்பா. அவரிடம் வேண்டாம் என்றேன். பெண்ணின் அம்மா ஊசிக்குப் பயந்தார். அவரிடம் போடலாம் என்று வற்புறுத்தினேன்.

காரணத்துக்கு வருவதற்கு முன், கையில் இருக்கும் வழிகளைப் பார்த்துவிடலாம்.

முதல் வழி மருந்து மட்டும். அறுவை அறையில் ஃபென்டனில் போல வீரியமான வலி மருந்து ஒன்று ட்ரிப்ஸில் போகும். அதன் பிறகு பாரசிட்டமால், இபுப்ரோஃபன். இதை மட்டமாக நினைக்கிறவர்கள் அதிகம். "வெறும் காய்ச்சல் மருந்தா?" என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் தோலைப் பெரிதாகக் கிழிக்காமல் கம்பி மட்டும் செருகிய முழங்கைக்கு, இந்த இரண்டையும் எடைக்கேற்ற அளவில், வலி வந்த பிறகு கொடுக்காமல் மணி பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். எலும்பு நேராகி அசையாமல் நின்றதுமே வலியில் பாதி போய்விடுகிறது.

பலருக்கும் அது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் அளவு. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 20 கிலோ பையனுக்கு 300 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டில் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது என்றால் 12.5 மில்லி கொடுக்க வேண்டும், இரண்டாவது என்றால் 6 மில்லி. வீட்டில் என்ன நடக்கிறது? எதுவாக இருந்தாலும் ஒரு மூடி. இபுப்ரோஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு. இரண்டும் கலந்த சிரப்பும் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மேலே தனியாகப் பாரசிட்டமாலும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். இபுப்ரோஃபன் எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்ற பயம் சில டாக்டர்களிடமே உண்டு. குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை.

கொடுக்கக் கூடாதவை: நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே இந்தியாவில் 2011 முதல் தடை. கொடீன், டிரமடால் இரண்டும் 12 வயதுக்குக் கீழே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 இல் சொல்லிவிட்டது. சில பிள்ளைகளின் ஈரல் இந்த மருந்துகளை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும். தூக்கத்தில் மூச்சே குறைந்துபோகும். பெரியப்பாவுக்கு மூட்டு ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று பாதியாக உடைத்துக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அது இதனால்தான் ஆபத்து.

இரண்டாவது வழி, ஆபரேஷன் செய்பவரே காயத்தின் ஓரத்தில் மரப்பு மருந்தைப் போட்டுவிடுவது. எளிது, அல்ட்ராசவுண்ட் மெஷின் வேண்டாம், விரல்கள் நன்றாக அசையும். சில மணி நேரம்தான் தாங்கும், எலும்பின் ஆழத்து வலிக்கு முழுதாக எட்டாது. கம்பி செருகிய முழங்கைக்கு முதல் வழியோடு சேர்த்துச் செய்தால் நல்ல துணை. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் பெற்றோர் கேட்கும் பிளாக், அதாவது கையை மரக்கவைக்கும் நரம்பு ஊசி. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் காறை எலும்பின் அருகே ஒரு கொத்தாகச் சேர்கின்றன. அந்தக் கொத்தைச் சுற்றி மருந்தை விட்டால் கை மொத்தமும் தூங்கும். 1911 இல் குலென்காம்ப் என்ற ஜெர்மானிய மருத்துவர் காறை எலும்புக்கு மேலே தன் மீதே குத்திப் பார்த்துக்கொண்டார். ஆளுக்குத் துணிச்சல்தான். ஆனால் நுரையீரலின் உச்சி அங்கேதான் இருக்கிறது. சின்னப் பிள்ளையிடம் நரம்புக் கொத்தே தோலுக்கு ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும், நுரையீரல் அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே. கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற காலத்தில் குழந்தைகளிடம் இந்த இடத்தைப் பலரும் தவிர்த்ததில் வியப்பில்லை. 1994 இல் வியன்னாவில் இந்த இடத்திலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்து காட்டியபோது கதை மாறியது. இப்போது திரையில் ரத்தக் குழாய் துடிப்பது தெரியும், அதன் பக்கத்தில் நரம்புகள் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும், அடியில் விலா எலும்பும் நுரையீரல் உறையும் வெள்ளைக் கோடாக மினுங்கும். ஊசி முனை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

அக்குளிலும் போடலாம். நுரையீரலிலிருந்து வெகு தூரம், அதனால் பயம் குறைவு. கை, மணிக்கட்டு ஆபரேஷனுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அக்குளுக்குப் போக வேண்டுமானால் கையை விரித்து மேலே தூக்கி வைக்க வேண்டும். உடைந்து விலகிய முழங்கையை அப்படித் திருப்ப யாருக்கு மனசு வரும்? அதனால் முழங்கை முறிவுக்குக் காறை எலும்புக்கு மேலேயோ கீழேயோதான் போடுகிறோம். கை பக்கவாட்டில் கிடந்தபடியே இருக்கட்டும். தோள்பட்டைக்குக் கழுத்தில் போடும் ஊசி வேறு, முழங்கைக்கு அது தேவையில்லை. மெஷின் இல்லாத இடத்தில் சின்னப் பிள்ளைக்குக் காறை எலும்பு அருகே குத்துவதை நான் செய்ய மாட்டேன். மெஷின் இல்லையென்றால் முதல் இரண்டு வழியே மேல்.

பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போதே போடுவோம், பிள்ளைகளுக்குத் தூங்கிய பிறகு. "நரம்புல பட்டா சொல்றதுக்கு அவன் முழிச்சிருக்க மாட்டானே" என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்விதான், பல வருஷம் மருத்துவர்களே அதை விவாதித்தார்கள். துள்ளுகிற குழந்தைக்கு நரம்பருகே ஊசி வைப்பதுதான் அதிக ஆபத்து என்று முடிவாகி, தூங்க வைத்துப் போடுவது ஏற்கத்தக்க முறை என்று அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் 2015 இல் சேர்ந்தே சொல்லிவிட்டன. அமெரிக்கக் குழந்தை மருத்துவமனைகள் சேர்ந்து பதிவு செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாக்குகளின் கணக்கு 2018 இல் வந்தது. உடலின் எல்லாப் பகுதிக்கும் போட்ட ஊசிகளின் கணக்கு அது. நிரந்தர நரம்புச் சேதம் ஒன்றுகூட இல்லை. சில காலம் இருந்து சரியான மரப்பு பத்தாயிரத்துக்கு இரண்டு, மூன்று பேருக்கு. மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு, இதயக் கோளாறு என்று போனது பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. அதற்கும் மாற்று மருந்தாகக் கொழுப்புக் கரைசல் ஒன்று இருக்கிறது. பிளாக் போடும் அறையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மருந்தின் அளவும் பெற்றோர் நினைக்கிற மாதிரி இல்லை. 20 கிலோ பிள்ளைக்கு ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து, 0.2 சதவீதத்தில் 5, 6 மில்லி. அதாவது 10 முதல் 12 மில்லிகிராம். பொதுவாக வைக்கும் மேல் எல்லை கிலோவுக்கு 3, மொத்தம் 60. எங்கே விடுகிறோம் என்று பார்த்து விடுவதால் இவ்வளவு குறைவே போதும்.

பலன் உடனே தெரியும். மயக்க வாயு குறைவாகப் போதும், ஃபென்டனில் அநேகமாகத் தேவைப்படாது, அதனால் வாந்தி குறையும், பிள்ளை சீக்கிரம் இட்லி கேட்கும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை வலி இராது. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்தைச் சேர்த்தால் இன்னும் சில மணி நேரம் நீளும், கூடவே பிள்ளை கொஞ்சம் அதிகம் தூங்கும். மெல்லிய குழாயை அங்கேயே விட்டுப் பம்பு மூலம் இரண்டு மூன்று நாள் மருந்து செலுத்துகிற முறையும் உண்டு. துண்டான விரலை ஒட்டவைத்தவர்கள், விறைத்த முழங்கையை விடுவித்துவிட்டு மறுநாளே பயிற்சி செய்ய வேண்டியவர்கள் போன்றோருக்கு அது அருமை. இரண்டு கம்பிக்கு அது தேவையில்லாத ஆர்ப்பாட்டம். குழாயைப் பிடுங்காமல் ஆறு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்வதே தனி வேலை.

சரி, இவ்வளவு நல்லதென்றால் அந்தப் பையனுக்கு ஏன் வேண்டாம் என்றேன்?

ஆபரேஷனுக்கு முன்னால் அவனோடு ஸ்டோன்-பேப்பர்-சிஸர் விளையாடினேன். விளையாட்டு மாதிரி தெரியும், உண்மையில் அது நரம்புப் பரிசோதனை. கல் போல மூடினால் ஒரு நரம்பு, காகிதம் போல விரித்தால் இன்னொன்று, கத்தரி போல விரலைப் பிரித்தால் மூன்றாவது. கடைசியில் "சூப்பர்னு காட்டு" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்கச் சொல்வோம். மூன்றையும் செய்தான். வட்டம் மட்டும் வரவில்லை. இரண்டு விரல்நுனியும் மடங்காமல், வாத்தின் அலகு மாதிரித் தட்டையாக ஒட்டி நின்றன. முறிந்த எலும்பு முனை ஒரு நரம்புக் கிளையை அழுத்தியிருக்கிறது. இந்த முறிவில் இது அடிக்கடி வருவது, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் கம்பி போட்ட பிறகு அது அப்படியே இருக்கிறதா, கூடியிருக்கிறதா, கம்பி வேறு நரம்பைத் தொட்டுவிட்டதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து நரம்பு, உள்பக்கக் கம்பிக்கு மிக அருகில் ஓடுகிறது. கை மரத்துக் கிடந்தால் எதைப் பார்ப்பது? அடுத்த நாள் காலையில் விரல் அசையவில்லை என்றால் அது விபத்தினாலா, கம்பியினாலா, என் ஊசியினாலா என்று மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டுவார்கள்.

இதைவிடப் பெரிய கவலை வீக்கம். முன்னங்கைத் தசைகள் ஒரு இறுக்கமான உறைக்குள் இருக்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறினால் ரத்தம் போகாமல் தசை சாகத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் விரல்கள் மடங்கி, கை கொக்கி மாதிரி ஆகிவிடும். 1881 இல் ஜெர்மனியின் ஃபோல்க்மன் விவரித்த அந்தக் கையை நம் ஊரில் இன்றைக்கும் பார்க்கிறோம், பெரும்பாலும் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டுக்குப் பிறகு. அதன் முதல் எச்சரிக்கை வலிதான். பிள்ளை நிலைகொள்ளாமல் புரளும், சமாதானம் ஆகாது, ஒரு மணி நேரத்துக்கு முன் போதுமாக இருந்த மருந்து இப்போது போதாது. விரலைப் பிடித்து நீட்டினால் அலறும். பிளாக் இந்த எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிடுமோ என்பதுதான் எலும்பு மருத்துவர்களின் பயம்.

இதில் உண்மை எவ்வளவு? மேலே சொன்ன அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளின் 2015 அறிக்கை, பிளாக்கால் இந்த ஆபத்து கூடுவதாகவோ, கண்டுபிடிப்பது தாமதமாவதாகவோ ஆதாரம் இல்லை என்கிறது. மருந்தை மெலிதாக வைத்தால் தசை சாகிற வலி பிளாக்கையும் மீறி வெளியே வரும் என்பது என் அனுபவமும்கூட. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு சேர்ந்த பேச்சு: ராத்திரி ஒரு மணிக்கு அந்த விரலைப் பிடித்துப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். நாற்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்ற வார்டில் பிளாக் போட்ட பிள்ளை "நல்லாத் தூங்குது" என்று விட்டுவிடப்படும். அதனால் அதிக வீக்கம், நாடி சரியில்லாத கை, நரம்பு ஏற்கெனவே பாதித்த கை, நசுங்கிய கை என்றால் நான் பிளாக் பக்கம் போவதில்லை. நாடி நன்றாக உள்ள, நான்கு விளையாட்டும் சரியாகச் செய்த, வீக்கம் குறைந்த முழங்கை என்றால் போடலாம், போடாமலும் சமாளிக்கலாம். அந்தப் பையனுக்குக் கம்பி செருகிய இடத்தில் மருந்து, ட்ரிப்ஸில் பாரசிட்டமால், பிறகு இபுப்ரோஃபன். ஒரு முறை மட்டும் கூடுதலாக மார்ஃபின் கொடுத்தோம். வட்டம் அன்றைக்கும் வரவில்லை. மற்ற மூன்றும் இருந்தன, அது போதும்.

அந்தப் பெண்ணின் கணக்கு வேறு. வீக்கம் இல்லை, நரம்பெல்லாம் சுத்தம். ஆனால் எலும்பை வெட்டித் திருப்புகிறார்கள், தசையைப் பிரிக்கிறார்கள். அந்த வலிக்குச் சிரப் காணாது, முதல் ராத்திரி மார்ஃபின் மேல் மார்ஃபினாகப் போகும், வாந்தியும் கூடவே. ஆபரேஷன் செய்பவரிடம் கேட்டேன், விழித்ததும் நரம்பைப் பார்க்க வேண்டுமா என்று. நரம்பைக் கண்ணால் பார்த்து ஒதுக்கி வைத்துத்தான் வெட்டப்போகிறேன், மறுநாள் காலையில் பார்த்தால் போதும் என்றார். இந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாத இடத்தில் பிளாக் வேண்டாம் என்பேன். பெற்றோரும் கேட்கலாம்: "ரெண்டு டாக்டரும் பேசிட்டீங்களா?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் அதுவே ஒரு பதில்.

ஊசிக்கு முன் அவளிடம் ஒன்று சொல்லிவைத்தேன். சொல்லாமல் விட்டு ஒரு முறை பட்டிருக்கிறேன். ஐந்து வயதுச் சிறுமி, பிளாக் அருமையாக வேலை செய்தது, விழித்ததும் வீறிட்டு அழுகை. வலி மதிப்பெண் போடும் தாளில் முகம், கால், அழுகை எல்லாவற்றிலும் உச்சம். நர்ஸ் மருந்து கேட்டு ஓடி வந்தார். கிட்டப் போய்க் கேட்டால், "இது என் கை இல்ல, என் கை எங்க?" கட்டுக்கு வெளியே தொங்கிய தன் விரல்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலியே இல்லை, பயம் மட்டும். மருந்து எதுவும் தேவைப்படவில்லை, அம்மா அந்த விரல்களை எடுத்து அவள் கன்னத்தில் வைத்தார். அதிலிருந்து எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்: "நீ முழிச்சுக்குவ, உன் கை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கும். அது முழிக்கும்போது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். உடனே அம்மாகிட்ட சொல்லணும், சரியா?"

தூங்கும் கைக்குச் சூடும் தெரியாது. டீ டம்ளர், ஜன்னல் கம்பி, ஆட்டோவின் விளிம்பு எல்லாவற்றிலிருந்தும் பெரியவர்கள்தான் காக்க வேண்டும். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தூளிக்கட்டில் உயர்த்தியே வைத்திருக்க வேண்டும்.

பிளாக்கில் நான் பார்த்த தோல்விகளில் முக்கால்வாசி ஊசியில் இல்லை, அது இறங்கும் நேரத்தில். பத்து மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு வலி திடீரென்று முழுதாக வந்து உட்காரும், அது படிப்படியாக வருகிற வலியைவிடக் கொடுமை. "வலி இல்லையே, எதுக்கு மருந்து" என்று சாயங்கால சிரப்பை நிறுத்தி வைத்திருப்பார்கள். காலை பத்து மணிக்குப் போட்ட ஊசி ராத்திரி எட்டுக்குள் இறங்கத் தொடங்கினால் எல்லோரும் விழித்திருப்பார்கள். மாலை ஐந்து மணி ஆபரேஷன் என்றால் அது இறங்குவது நடுராத்திரியில். அந்த நேரத்தில் முதல் சிரப் கொடுத்து, அது வேலை செய்ய ஒரு மணி நேரம் காத்திருப்பது யாருக்கும் நல்லதில்லை. அதனால் மருந்து ஆபரேஷன் அறையிலேயே தொடங்கிவிட வேண்டும், பிளாக் இருந்தாலும் மணி தவறாமல் போக வேண்டும்.

பெண்ணுக்குப் பகல் பதினொன்றுக்குப் போட்டோம். மூன்று மணிக்குத் தயிர்சாதம் சாப்பிட்டாள். ஏழு மணிக்கு அவள் அம்மா பாரசிட்டமால் கொடுத்தார், பிள்ளை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியும் விடவில்லை. ஒன்பதரைக்கு நான் வார்டுக்குப் போனபோது அப்பா போன் வெளிச்சத்தைக் கட்டின் ஓரத்தில் அடித்துக் காட்டினார். சுண்டுவிரல் லேசாக அசைந்தது. "எறும்பு வந்துடுச்சு" என்றாள். ஸ்டோன் காட்டச் சொன்னேன். பாதிதான் மூடியது. நர்ஸ் இபுப்ரோஃபனை எடுத்துக்கொண்டு வந்தார்.